ஃபார்வர்டில் வந்த விஞ்ஞானம்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஷெரர்வில் என்றொரு சிற்றூர். வளர்த்தவர்களால் கைவிடப்பட்ட கிளிகளையும் காக்கட்டூகளையும் வைத்துப் பராமரிக்கும் ஒரு காப்பகத்தை ஐரினா ஷுல்ஸ் என்ற பெண்மணி அங்கே நடத்திவந்தார். 2007 ஆகஸ்டில் அவரிடம் ஓர் ஆண் காக்கட்டூவைக் கொண்டுவந்து விட்டார்கள். வெள்ளை வெளேரென்ற உடம்பு, தலையில் மஞ்சள் கொண்டை, பெயர் ஸ்னோபால். கூடவே ஒரு சி.டி.யும் வந்தது. அதிலிருந்த பாட்டைப் போட்டால் பறவை ஆடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் குழுவின் 'எவ்ரிபடி' என்ற பாட்டு அது. போட்டார், ஸ்னோபால் ஆடியது. ஒரு நாற்காலி முதுகின் விளிம்பில் நின்றுகொண்டு, தாளத்துக்குத் தாளம் ஒரு காலை உயரத் தூக்கி இறக்கியது. கொண்டையை விரித்துத் தலையை மேலும் கீழும் ஆட்டியது. நடுநடுவே உற்சாகத்தில் ஒரு கூச்சல். ஐரினா அதைப் படமெடுத்து, காப்பகத்தின் பெயரோடு யூடியூபில் போட்டார். பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்; சிரித்த கையோடு அடுத்தவருக்கு அனுப்பினார்கள். ஊர் ஊராக, நாடு நாடாக அந்தக் காட்சி பயணப்பட்டது.

அப்படிக் கைமாறி வந்த காட்சி ஒருநாள் சான்டியாகோவில் நரம்பியல் ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய அனிருத் படேலின் திரைக்கும் வந்து சேர்ந்தது. இசையைக் கேட்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. எல்லாரும் சிரித்த இடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

தாளத்துக்கு உடம்பை அசைப்பது மனிதர்களுக்கு மட்டுமே வாய்த்தது என்றுதான் அதுவரை அறிவியல் உலகம் நம்பியிருந்தது. நாயும் பூனையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம் பாட்டைக் கேட்டுக்கொண்டு நம்மோடு வாழ்கின்றன. ஒன்றுகூடத் தாளம் போட்டதில்லை. ஏன்? 2006-ல் படேல் ஒரு கருதுகோளை முன்வைத்திருந்தார். கேட்ட ஒலியை அப்படியே திருப்பிச் சொல்லக் கற்கும் உயிரினங்களுக்கு, காதையும் உடல் அசைவையும் இறுக்கமாக இணைக்கும் பாதைகள் மூளையில் உண்டு. தாளத்தைப் பிடிக்கும் திறன் அந்தப் பாதைகளிலிருந்து கிளைத்ததாக இருக்கலாம் என்றார். மனிதக் குழந்தை அப்படித்தான் பேசக் கற்கிறது. கிளியும் அப்படித்தான். ஆகவே அந்தக் கருத்து சரியென்றால், தாளம் போடும் கிளி ஒன்று உலகில் எங்காவது இருந்தே ஆக வேண்டும். மறு ஆண்டே நாற்காலி முதுகின்மேல் ஏறி அது ஆடிக் காட்டியது.

படேல் காப்பகத்தைத் தொடர்புகொண்டார். சோதனை எளிமையானது, ஆனால் கறாரானது. அதே பாட்டைச் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும் 11 வடிவங்களாகச் செய்தார்கள். ஒவ்வொன்றையும் ஸ்னோபாலுக்குப் போட்டுக் காட்டிப் படம்பிடித்தார்கள். அறையில் இருந்தவர்கள் யாரும் ஆடக் கூடாது. தலையைக்கூட ஆட்டக் கூடாது. மனிதரைப் பார்த்துப் பறவை நகலெடுத்துவிட்டால் சோதனை வீண். பிறகு அந்தப் படங்களை ஒலியில்லாமல் ஓட்டி, தலை கீழே வரும் ஒவ்வொரு கணத்தையும் குறித்து, அதைப் பாட்டின் தாளத்தோடு ஒப்பிட்டார்கள்.

ஸ்னோபால் எந்நேரமும் தாளத்தில் நிற்கவில்லை. தப்பும், பிடிக்கும், மறுபடி தப்பும். ஆனால் பிடித்து நின்ற நேரங்கள் தற்செயலாக அமைந்திருக்க முடியாத அளவுக்கு இருந்தன. பாட்டு வேகமெடுத்தபோது ஆட்டமும் வேகமெடுத்தது. 2009-ல் 'கரன்ட் பயாலஜி' இதழில் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராக ஐரினா ஷுல்ஸின் பெயரும் அச்சாகியிருக்கிறது.

அதே இதழில் இன்னொரு கட்டுரையும் வந்தது. அது எனக்கு இன்னும் பிடித்தது. ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த அடேனா ஷாக்னர், யூடியூபையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். விலங்குகள் ஆடுவதாகச் சொல்லி மக்கள் பதிவேற்றிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடியோக்களை அவரும் சக ஆய்வாளர்களும் ஒவ்வொன்றாக அலசினார்கள். அதில் நாய் உண்டு, பூனை உண்டு, இன்னும் என்னென்னவோ உண்டு. உண்மையிலேயே தாளத்தோடு ஒத்துப்போனவை 14 வகைக் கிளி இனங்களும் ஆசிய யானையும்தான். அத்தனையும் ஒலியைப் போலச் செய்யத் தெரிந்தவை. அந்த வீடியோக்களை எடுத்தவர்களில் எவரும் அறிவியலுக்காக எடுக்கவில்லை. தங்கள் வீட்டுச் செல்லத்தின் குறும்பை நாலு பேர் பார்த்துச் சிரிக்கட்டுமே என்றுதான் எடுத்தார்கள். அந்தச் சிரிப்புகளின் குவியல்தான் ஷாக்னருக்குத் தரவுத்தொகுப்பாக அமைந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2013-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் ரோனன் என்ற கடற்சிங்கம் தாளத்துக்குத் தலையாட்டப் பழகியிருந்தது. கடற்சிங்கத்துக்கு ஒலிகளைப் போலச் செய்யும் திறமை இருப்பதாக யாரும் கண்டதில்லை. படேலின் கருதுகோளில் இதனால் ஒரு விரிசல் விழுந்தது. விவாதம் இன்றும் நடக்கிறது. 2019-ல் வந்த அடுத்த ஆய்வு, ஸ்னோபாலின் ஆட்டத்தில் 14 தனித்தனி அசைவுகளை எண்ணிக் காட்டியது. யாரும் பயிற்சி கொடுக்காமல் தானாக வந்தவை அவை. அதற்காக ஒலிக்கவிட்ட இரண்டு பாட்டுகளில் ஒன்று குயீன் குழுவினுடையது. அந்தக் குழுவின் கிதார் கலைஞரிடம் பிறகு வருகிறேன். அவருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

விலாசம் தொலைந்த வீடியோக்கள்

'இணையத்தில் கண்டதையும் பார்த்துக்கொண்டு, கண்டதையும் அனுப்பிக்கொண்டு நேரத்தைப் போக்குகிறார்கள்' என்ற புலம்பல் நம் வீடுகளில் தினமும் கேட்கிறது. நான் அந்தக் கட்சியில் இல்லை. நல்ல பாட்டையோ, சிரிப்பையோ, வியப்பையோ கண்டவுடன் பக்கத்திலிருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவது மனித சுபாவத்தின் மிக நல்ல பக்கம். என் கவலை வேறு. எதை அனுப்புகிறோமோ அதன் ஊரும் பேரும் தேதியும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன.

வாட்ஸ்அப்பில் பல கை மாறி வந்த செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கும். பலமுறை அனுப்பப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. எத்தனையோ பேர் கையைத் தாண்டி வந்தது என்று சொல்கிறதே தவிர, முதலில் யார் கையிலிருந்து புறப்பட்டது என்று சொல்வதில்லை. காலையில் குடும்பக் குழுவில் ஒரு நாதஸ்வரத் துணுக்கு வருகிறது. ஏதோ ஒரு கோயில் புறப்பாடு. அரை நிமிடம்தான், ஆனால் அந்த அரை நிமிடத்துக்குள் தோடி கண்முன் எழுந்து நிற்கிறது. வாசித்தவர் யார்? எந்த ஊர்? தவில் யார்? படத்தின் மேல் மூன்று வெவ்வேறு பக்கங்களின் முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தியிருக்கின்றன. எடுத்துப்போட்டவர்கள் எல்லாரும் தங்கள் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். வாசித்த மனிதரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. கீழே நாற்பது கைகூப்பல்கள். அந்தக் கலைஞரை அடுத்த திருவிழாவுக்கு அழைக்க நினைப்பவருக்கு, கூப்பிட ஒரு பெயர்கூட இல்லை.

ஸ்னோபாலின் வீடியோ அப்படிப் பெயரற்று வந்திருந்தால் படேல் என்ன செய்திருக்க முடியும்? சிரித்துவிட்டு அடுத்ததைப் பார்த்திருப்பார். காப்பகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டு வந்ததால்தான் அவரால் தொலைபேசியை எடுக்க முடிந்தது.

இசைத்தட்டுக் காலத்தில் இந்த அக்கறை தொழிலிலேயே கலந்திருந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமஃபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பர்க் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். பாட்டு முடிகிற கணத்தில் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரத்துச் சொல்லி முடிப்பார். பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் தட்டுகளாக அச்சாகும். அங்கிருக்கும் தொழிலாளிக்கு இந்தியப் பாட்டும் தெரியாது, பாடியவரையும் தெரியாது. எந்தத் தட்டில் எந்தப் பெயரை ஒட்டுவது என்று அறிய அந்த அறிவிப்பே வழி. பாட்டோடு பெயரும் சேர்ந்தே மெழுகில் பதிந்துவிட்டது. பிறகு அதை யார் பிரிக்க முடியும்?

அப்படிப் பெயரோடு போன தட்டுகள் எவ்வளவு தூரம் போயின என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டைக் கேட்டு மயங்கியவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ். அந்தப் பதிவை அடியொற்றி 'ராகமாலிகா' என்றொரு படைப்பை எழுதினார். இன்று கோவையில் எத்தனை பேருக்குத் தாயியின் பெயர் தெரியும்? ஆனாலும் பாரிஸில் ஒருவர் கேட்டார், யாருடைய குரல் என்று தெரிந்து கேட்டார். தட்டில் பெயர் இருந்தது.

குட்டையில் தேங்கிய தண்ணீர்

பெயரும் தேதியும் எதற்கு, ரசித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் படம் ஒன்று உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் ஓடும் கேபிள் காரின் முன்புறம் கேமராவைக் கட்டிவைத்து எடுத்த மௌனப்படம். சுமார் 13 நிமிடங்கள். தெருக்கோடியில் படகுத்துறைக் கட்டடத்தின் மணிக்கூண்டு மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வருகிறது. குதிரை வண்டிகள், புதிதாக வந்த மோட்டார் வண்டிகள், சைக்கிள்கள், தலைக்கு ஒரு தொப்பியுடன் தெருவைக் கடக்கும் ஆண்கள். கேமராவைத் திரும்பிப் பார்த்து ஓடும் செய்தித்தாள் விற்கும் சிறுவர்கள். இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உலகெங்கும் லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள்.

படம் 1905 செப்டம்பரில் எடுக்கப்பட்டது என்று நெடுங்காலம் எழுதிவைத்திருந்தார்கள். டேவிட் கீன் என்ற மௌனப்பட வரலாற்றாளருக்குச் சந்தேகம் வந்தது. தெருவில் குட்டைகளாக மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. பழைய நாளிதழ்களின் வானிலைக் குறிப்புகளைப் புரட்டினார். அந்தச் செப்டம்பரில் அங்கே மழையே இல்லை. பிறகு மோட்டார் வண்டிகளின் எண்களைப் பெரிதாக்கிப் படித்து, பதிவேட்டோடு ஒப்பிட்டார். 1906 தொடக்கத்தில் பதிவான வண்டி அதில் ஓடியது. படமெடுத்த மைல்ஸ் சகோதரர்களைப் பற்றிய அந்தக் காலத்துச் செய்திகளையும் தேடிச் சேர்த்தார். முடிவு இதுதான்: படம் 1906 ஏப்ரலில், நிலநடுக்கத்துக்குச் சில நாட்கள் முன்பு எடுக்கப்பட்டது. ஏப்ரல் 18 விடியற்காலை 5.12 மணிக்கு நிலம் குலுங்கியது. தொடர்ந்து பிடித்த தீ நகரத்தின் பெரும்பகுதியை அழித்தது. படச்சுருள் தப்பியதற்குக் காரணம், முந்தைய இரவே அதை ரயிலில் நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்தத் தேதியைத் தெரிந்துகொண்டு அதே படத்தை மறுபடி பாருங்கள். ஒரு பிம்பம்கூட மாறவில்லை, எல்லாமே மாறிவிட்டது. தெருவைக் கடக்கும் ஒவ்வொருவரையும் பார்த்து, இவர் அந்த வாரத்தைத் தாண்டினாரா என்று மனம் பதறுகிறது.

இப்போது இதே படம் வண்ணம் பூசி, குதிரைக் குளம்பொலியும் ஹாரன் ஒலியும் சேர்த்துச் சமூக ஊடகங்களில் சுற்றுகிறது. பலருக்கு இந்த வடிவம்தான் பிடித்திருக்கிறது, பிடிக்கட்டும். ஆனால் அதில் நடந்துபோகிறவரின் மேல்கோட்டில் தெரியும் பழுப்பு நிறம் கணினியின் ஊகம். ஒலி யாரோ எங்கோ சேர்த்தது. அதை எடுத்துப் போடுகிற பலர் இதைச் சொல்வதில்லை. 'நூறாண்டுக்கு முந்தைய உண்மையான வண்ணப்படம்' என்று தலைப்பிட்டு வருவதையும் பார்த்திருக்கிறேன். மங்கலான மூலப்படத்தில் கீன் நம்பிப் படித்தது தெருவின் ஈரத்தையும் எண்பலகையையும். கணினி இட்டு நிரப்பிய படத்தில் எந்த ஈரம் உண்மை என்று நாளைக்கு ஒருவர் எப்படிச் சொல்வார்?

நம் பக்கம் நிலைமை இன்னும் வேதனையானது. நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசகவத'த்துக்கு இன்று பிரதி இல்லை. 1931-ல் வந்த 'காளிதாஸ்' படச்சுருளும் இல்லை. ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' படத்தில் காணாமல் போன காட்சிகள் 2008-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு டப்பாவுக்குள் இருந்து கிடைத்தன. ஆகவே நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. எந்தப் பரணில் எந்தச் சுருள் கிடக்கிறதோ! கிடைப்பது ஒரு நிமிடத் துண்டாக இருந்தாலும், எங்கே கிடைத்தது, யார் வீட்டில் இருந்தது என்ற குறிப்பு கூட வர வேண்டும்.

பாதி வேகத்தில் ஒரு பாட்டு

தவறான குறிப்போடு வந்தால்? அதையும் திருத்த முடியும், செய்முறை வெளிப்படையாக இருந்தால். எடிசன் 1877-ல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடிப்பதற்கு 17 ஆண்டுகள் முன்பே, பாரிஸில் அச்சுத் தொழில் தெரிந்த எட்வார் லியோன் ஸ்காட் என்பவர் குரலைக் காகிதத்தில் வரைந்தார். விளக்குப் புகைக்கரி படிந்த காகிதத்தின் மேல், ஒலியால் அதிரும் ஒரு முள் கோடிழுத்துக்கொண்டே போகும். திரும்பக் கேட்பது அவர் நோக்கமே இல்லை. கண்ணால் பார்த்துப் படிக்கத்தான் செய்தார். 2008-ல் 'ஃபர்ஸ்ட் சவுண்ட்ஸ்' குழுவினரும் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினரும் சேர்ந்து 1860 ஏப்ரல் 9 தேதியிட்ட காகிதத்தை நுணுக்கமாக ஸ்கேன் செய்து, கோட்டை மறுபடி ஒலியாக்கினார்கள். ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாட்டின் சில நொடிகள் கேட்டன. சின்னப் பெண்ணின் குரல் என்றார்கள். ஒலிக்கோப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தார்கள்.

வேகத்தைக் கணிக்க ஸ்காட் ஓர் இசைக்கவையின் அதிர்வையும் பக்கத்திலேயே பதிந்திருந்தார், நொடிக்கு 500 என்று. ஆனால் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் போவதை ஒன்று, வருவதை ஒன்று என எண்ணினார்கள். இன்றைய கணக்கில் அது 250 தான். ஆக, கேட்டது இரட்டை வேகம். 2009-ல் குழுவினரே அதைக் கண்டறிந்து பாதி வேகத்தில் ஓட்டியபோது, நிறுத்தி நிதானமாகப் பாடும் ஓர் ஆணின் குரல் வந்தது. அநேகமாக ஸ்காட்டே பாடியது. மூலக் காகிதமும் கணக்கும் கண்முன் இருந்ததால்தான் ஒரு சிறுமி மறைந்து ஸ்காட் வெளிப்பட்டார்.

கிதார் கலைஞரும் பட்டாணியும்

குயீன் குழுவின் பிரையன் மே கிதாரோடு வானியலும் படித்தவர். இசைக்காகக் கைவிட்ட முனைவர் பட்ட ஆய்வை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து 2007-ல் முடித்தார். அதே ஆண்டு ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ் லின்டாட், கெவின் ஷவின்ஸ்கி ஆகியோர் 'கேலக்ஸி ஜூ'வைத் தொடங்கினார்கள். சுமார் ஒன்பது லட்சம் விண்மீன் மண்டலங்களின் படங்கள் கையில் இருந்தன. சுருள் வடிவமா, நீள்வட்டமா என்று பிரிக்க ஆளில்லை. 50,000 படங்களைத் தனியாளாகப் பிரித்து ஷவின்ஸ்கி களைத்துப்போயிருந்தார். பொதுமக்களிடம் உதவி கேட்டார்கள். முதல் ஆண்டிலேயே ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்து ஐந்து கோடி முறை வகைப்படுத்திக் கொடுத்தார்கள். 

இந்த முயற்சியைப் பற்றி பிரையன் மே தன் வலைத்தளத்தில் எழுதினார். அவருடைய இசைக்காக அதைப் படித்துவந்த நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹானி வான் ஆர்கெல் தானும் படங்களைப் பிரிக்க உட்கார்ந்தார். ஒரு மண்டலத்துக்குக் கீழே நீலநிறத்தில் ஏதோ தீற்றல். தெரியாததைத் தாண்டிப் போகாமல், இது என்ன என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தொலைநோக்கிகள் திரும்பின, பிறகு ஹப்பிளும் திரும்பியது. நம் பால்வீதி அளவுள்ள வாயு மேகம், ஆக்சிஜன் ஒளிர்வதால் பச்சையாகத் தெரிகிறது. அதற்கு ஒளியூட்டிய குவாசர் ஏற்கெனவே மங்கிவிட்டது; பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட அதன் வெளிச்சம் இன்னமும் மேகத்தில் பட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு 'ஹானியின் வோர்வெர்ப்' என்றே பெயர். ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் ஹானியும் இருக்கிறார்.

அதே படங்களுக்கு இடையில் உருண்டையாக, பச்சைப் பச்சையாகச் சில புள்ளிகள் தட்டுப்பட்டன. தன்னார்வலர்கள் அவற்றைப் பட்டாணி என்று அழைத்தார்கள். ஜான் லெனனின் அமைதிப் பாட்டுத் தலைப்பில் அமைதியை எடுத்துவிட்டுப் பட்டாணியை வைத்து, ஒருவருக்கொருவர் வேடிக்கையாகச் சேகரித்துக் காட்டினார்கள். ஆனால் சேகரித்த ஒவ்வொன்றுக்கும் வான்பதிவேட்டின் எண்ணைத் தவறாமல் குறித்துவைத்தார்கள். எண் இருந்ததால் நிறமாலையைத் தேடிப் பார்க்க முடிந்தது. வேடிக்கை மெல்ல மெல்ல வேலையாக மாறியது: ஆக்சிஜன் கோடு இருக்கிறதா என்று பார்த்து, போலிகளைத் தாங்களே கழித்தார்கள். 2009-ல் யேல் பல்கலைக்கழகத்தின் கரோலின் கார்டமோனும் குழுவினரும் சுமார் 250 பட்டாணிகளை ஆராய்ந்து, அதுவரை கவனிக்கப்படாத ஒரு வகை விண்மீன் மண்டலம் இது என்று அறிவித்தார்கள். அளவில் சிறியவை, ஆனால் அசுர வேகத்தில் நட்சத்திரங்களைப் பிரசவிப்பவை.

2023 ஜனவரியில், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் ஆழ்வான் படத்தில் இருந்த மூன்று மங்கலான மண்டலங்களை அலசிய வானியலாளர்கள், அவை இந்தப் பட்டாணிகளைப் போலவே இருப்பதாகச் சொன்னார்கள். அவற்றில் ஒன்றின் ஒளி புறப்பட்டு 1,310 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பிரபஞ்சத்தின் முதல் தலைமுறை மண்டலங்கள் எப்படி இருந்தன என்று அறிய, அருகிலுள்ள பச்சைப் பட்டாணிகளை இப்போது உலகின் பெரிய தொலைநோக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறிவைக்கின்றன. ஆய்விதழ்களின் தலைப்புகளிலும் 'கிரீன் பீ' என்ற அந்த விளையாட்டுப் பெயரே அச்சாகிறது.